சிஸ்டம் டேங்க்: ஏரியா, தாங்கலா, தாங்கியா?

வேலூரிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். பாலாற்றுப் பாசனம் பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றை விவசாயிகளுக்காக மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டேங்க்’ என்ற சொல் ஒரு பக்கத்தில் காவேரிப்பாக்கம் ஏரியைக் குறிக்கிறது, அடுத்த பக்கத்தில் மருந்து தெளிப்பானின் தொட்டியை. அதைச் சமாளித்துவிடலாம். ‘சிஸ்டம் டேங்க்’, ‘நான்-சிஸ்டம் டேங்க்’ இரண்டும்தான் உதைக்கின்றன. முதலாவது அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் பெறுவது. இரண்டாவது அக்கம்பக்கத்து மழையை மட்டும் நம்பியிருப்பது. ‘முறைசார் ஏரி’, ‘முறைசாரா ஏரி’ என்று எழுதிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

ஆற்காட்டிலிருந்து:

டேங்க் என்பதே நம் சொல்தான், ஐயா. தொண்டை நாட்டில் சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அப்படி வந்த ஊர்கள். நீரைத் தாங்குவது தாங்கல். அதைக் கேட்ட வெள்ளைக்காரன் டேங்க் என்றான். இலங்கைத் தமிழர்கள் தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி, போர்த் தாங்கி என்று தயங்காமல் ஆள்கிறார்கள். ஏரிக்குத் தாங்கல், தொட்டிக்குத் தாங்கி என்று ஒரே வேரில் முடித்துவிடலாமே.

சோளிங்கரிலிருந்து:

ஒலி ஒத்துப்போனால் வேர் ஆகிவிடுமா? ஆங்கில அகராதிகள் குஜராத்தி, மராத்திச் சொற்களைக் காட்டுகின்றன. கூடவே போர்ச்சுகீசிய ‘தாங்க்கெ’யையும் காட்டுகின்றன. போர்வண்டிப் பொருள் மிகப் பிந்தியது. 1915 கடைசியில் பிரிட்டன் அந்த வண்டியை ரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று நம்பவைக்க இட்ட மறைபெயர் அது. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் வண்டி இறங்கிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, போர்த் தாங்கி எதையும் தாங்கிப் பெயர் வாங்கவில்லை.

வேர்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் மகேந்திரவாடிக்குப் போங்கள். பல்லவர் குடைவரைக் கல்வெட்டு அந்த ஏரியை ‘மகேந்திர தடாகம்’ என்கிறது. தடாகம் வடசொல் என்று ஒதுக்கிவிட முடியாது. ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறதே. தடம், கயம் இரண்டும் நீர்நிலைக்கும் பெயர். தட என்பதிலிருந்தே தடாகம் பிறந்தது என்பது என் முடிவு. இன்னும் நான்கு பக்கம் எழுதலாம்.

காவேரிப்பாக்கத்திலிருந்து:

வெள்ளிக்கிழமை அச்சு என்பதை எல்லாரும் மறந்துவிட்டோம். நான் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாலாற்று அணைக்கட்டிலிருந்து மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி என்று நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றில் தண்ணீர் வாங்குபவைதான் சிஸ்டம் டேங்க். இங்கே கரையில் நிற்கும் விவசாயி கேட்பதெல்லாம் ‘வரத்து இருக்குதா? ஏரி கோடி போச்சா?’ என்பதுதான். வரத்து என்றால் ஏரிக்கு வந்துசேரும் தண்ணீர், கோடி போவது என்றால் ஏரி நிரம்பி வழிவது. அவர் வாயில் இருக்கும் சொல்லையே எடுங்கள். ஆற்றுவரத்து ஏரி, மழைவரத்து ஏரி. ‘முறைசாரா’ என்றால் கண்டபடி வெட்டிய ஏரி என்று தோன்றும். உபரிநீர் வழியும் கலங்கலும் பாசன நீர் திறக்கும் மதகும் அளவு பார்த்துக் கட்டிய முன்னோருக்கு அது அவமதிப்பு. தாங்கல் நல்ல சொல், ஆனால் அது சிற்றேரி. காவேரிப்பாக்கம் ஏரியைத் தாங்கல் என்றால் எங்கள் ஊரில் ஒருவரும் ஏற்கமாட்டார்.

ஆற்காட்டிலிருந்து:

மழைவரத்து என்பதை நான் ஒப்பவில்லை. ஆற்றில் வருவதும் மழைத் தண்ணீர்தானே? அப்புறம், மேல் ஏரி கோடி போய் அந்தத் தண்ணீரால் நிரம்பும் கீழ் ஏரி எதில் சேரும்?

சோளிங்கரிலிருந்து:

ஆற்றுவரத்துக்கு என் ஒப்புதல். மற்றொன்றுக்கு ‘வானம் பார்த்த ஏரி’ இன்னும் அழகு. ஆனால் அட்டவணையில் நீளும். மழைவரத்தே இருக்கட்டும்.

வேலூரிலிருந்து:

சரி, ஆற்றுவரத்து ஏரி, மழைவரத்து ஏரி என்றே போடுகிறேன். தெளிப்பானுக்குத் தொட்டி. கோடித் தண்ணீரால் நிரம்பும் ஏரிகள் மூலநூலில் மழைவரத்துப் பட்டியலில்தான் இருக்கின்றன. அதனால் அங்கேயே விடுகிறேன்.

ஆற்காட்டிலிருந்து:

மூலநூல் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? அவற்றுக்குக் ‘கோடிவரத்து ஏரி’ என்று தனி வரி போடுங்கள். வியாழன் வரை நேரம் இருக்கிறது.