நல்ல கட்டுரை மதிப்பாய்வு: மேற்கோள்களை எந்த அளவுக்குச் சரிபார்ப்பது?

கேள்வி | மணல்தொட்டி

ஆங்கில விக்கிப்பீடியாவில் நல்ல கட்டுரைத் தகுதிக்கு (மதிப்பாய்வில் தேறிய தரமான கட்டுரைக்குத் தரும் அடையாளம்) முன்மொழிந்திருக்கும் ஒரு பாலம் பற்றிய கட்டுரையை மதிப்பாய்வுக்கு எடுத்திருக்கிறேன். மொத்தம் 62 மேற்கோள்கள் (சான்றைச் சுட்டும் அடிக்குறிப்புகள்). பாதி அச்சு நூல்கள். நடை நன்றாக இருக்கிறது, படங்களின் உரிமமும் சரி. 62ஐயும் திறந்து பார்த்தாக வேண்டுமா? பிழை கண்டால் உடனே நிராகரிப்பதா?

மறுமொழி | அடிக்குறிப்பு

எட்டுப் பத்து மேற்கோள்கள் போதும், ஆனால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எண்கள், "முதன்முதலாக", "மிக நீளமான" என்று வரும் வரிகள், ஒருவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் வருபவை. பிழை பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

தொடங்குமுன், நீங்கள் படிக்கும் பதிப்பின் நிலையான இணைப்பை மதிப்பாய்வுப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். திருத்தம் நடக்க நடக்க மேற்கோள் எண்கள் நகரும். இன்று நீங்கள் 14 என்று சுட்டியது நாளை 17 ஆகிவிட்டால், எதைச் சொன்னீர்கள் என்று யாருக்கும் புரியாது.

பிறகு வரியையும் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உதாரணமாக, "பாலம் 1887இல் கட்டி முடிக்கப்பட்டது, 1912 வெள்ளத்தில் இரண்டு தூண்கள் சாய்ந்தன" என்று எழுதி, கடைசியில் ஒரே மேற்கோள். நூலில் 1887 இருக்கிறது, வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரும் வேண்டுமென்று பொய் எழுதியிருக்க வேண்டியதில்லை. முதலில் 1887க்கு மட்டும் மேற்கோள் இருந்திருக்கும். பின்னால் வந்தவர் வெள்ளச் செய்தியை அந்த எண்ணுக்கு முன்னால் செருகியிருப்பார். தொகுப்பு வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் அந்த இடம் அகப்படும். நடையை மட்டும் பார்க்கும் மதிப்பாய்வில் இது தப்பிவிடும். அதனால்தான் சான்றைத் திறக்காத மதிப்பாய்வை நான் மதிப்பாய்வாகவே கருதுவதில்லை.

அச்சு நூல் கைக்கு எட்டாவிட்டால், அந்தப் பக்கத்தின் இரண்டு மூன்று வரிகளை முன்மொழிந்தவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். "பக். 20–110" என்று கொடுத்திருந்தால் அதை ஏற்காதீர்கள், குறிப்பிட்ட பக்க எண் வேண்டும்.

மறுமொழி | பச்சைக்கூட்டல்

பார்த்த பத்தில் ஒன்றிரண்டு தவறினால் பட்டியலிட்டு, மதிப்பாய்வை நிறுத்தி வையுங்கள். வழக்கமாக ஏழு நாள். வேலை நடந்துகொண்டிருந்தால் நீட்டிக்கலாம். நான்கைந்து தவறினால் மீதி 52ஐயும் நம்ப முடியாது, நிராகரிப்பதே நியாயம். பதிப்புரிமை மீறலோ, தகுதிகளுக்கு வெகு தூரத்தில் இருப்பதோ தெரிந்தால் காத்திருக்காமலே நிராகரிக்கலாம்.

கட்டுரை வாசகம் சான்றிலிருந்து நகலெடுத்ததா என்று பார்க்கும் ஒப்பீட்டுக் கருவி காட்டும் விழுக்காட்டை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நூல் தலைப்புகளும் நேரடி மேற்கோள்களுமே எண்ணை ஏற்றிவிடும். நிறம் தீட்டிக் காட்டும் வரிகளைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று: நல்ல கட்டுரைக்கும் மேல்படியான சிறப்புக் கட்டுரைக்கான அளவுகோலை இங்கே கொண்டுவராதீர்கள். நல்ல கட்டுரைக்கு முக்கியக் கோணங்கள் வந்திருந்தால் போதும். எதையும் விடாத முழுமை சிறப்புக் கட்டுரைக்குரியது. மேற்கோள்கள் எல்லாம் ஒரே வடிவத்தில் இல்லை, சிவப்பு இணைப்பு (இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கான இணைப்பு) இருக்கிறது என்பவை நிராகரிக்கக் காரணமல்ல. யோசனையாகச் சொல்லலாம்.

மறுமொழி | தொகுப்புவரலாறு

எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே வெளியிடுவோம் என்று 2000இல் தொடங்கிய, விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான இணையக் கலைக்களஞ்சியம் நுபீடியாவில் ஏழு கட்ட மதிப்பாய்வு இருந்தது. 2003இல் மூடும்போது முடிந்த கட்டுரைகள் 30ஐத் தொடவில்லை. அதனால் மாதிரி பார்ப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

ஆனால் வலைத்தளச் சான்றுகளில் தேதியைக் கட்டாயம் பாருங்கள். கட்டுரையில் ஒரு தகவல் சான்றின்றி நுழைந்திருக்கும், ஏதோ ஒரு தளம் அதை எடுத்துப் போட்டிருக்கும், பிறகு அந்தத் தளமே சான்றாகத் திரும்பி வரும். தகவல் கட்டுரையில் நுழைந்த நாளைவிடச் சான்று பிந்தியது, வாசகமும் அப்படியே ஒத்துப்போகிறது என்றால் அதை நீக்கிவிட்டு, அந்த நாளுக்கு முந்திய நூலையோ நாளிதழையோ கேளுங்கள்.