கதவுக் கீலில் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம்?

காசிமேடு வாசி:
வணக்கம். பழைய வீடு, வாசல் கதவும் நிலையும் தேக்கு. மேல் கீலில் நிலைப் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ எல்லாம் மரை போய் வெறுமனே சுற்றுகிறது, கதவு இறங்கி தரையில் உரசுகிறது, தாழ்ப்பாளும் ஓட்டைக்கு நேராக வருவதில்லை. ராத்திரியில் அம்மா கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் பூட்ட வேண்டியிருக்கிறது, அவருக்குத் தோள்வலி வேறு. போன மழைக்கு முன்னால் ஒருவர் எம்-சீல் அடைத்துக் கொடுத்தார், அது கட்டியாகப் பெயர்ந்து வந்துவிட்டது. சுவருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிளக் போடலாமா?

ராயபுரம் தம்பி:
அண்ணே, தீக்குச்சி மருந்தைக் கிள்ளிவிட்டு பெவிகாலில் தோய்த்து ஓட்டை நிறைய அடித்து, மறுநாள் ஸ்க்ரூ போடுங்க. எங்கள் வீட்டு அலமாரிக் கதவு அப்படித்தான் நிற்கிறது.

பெரம்பூர் மரவேலை:
அலமாரிக்குச் சரி தம்பி, வாசல் கதவுக்குப் போதாது. கதவின் எடை மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை நிலையோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால்தான் எப்போதும் மேலே இருப்பது முதலில் கழன்று வரும். பிளாஸ்டிக் பிளக் வேண்டாம் சார், அது சிமென்ட் சுவருக்கானது, மரத்தில் விரியும்போது நிலையைப் பிளந்துவிடும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் மரம் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

காசிமேடு வாசி:
பார்த்தேன். ஸ்க்ரூவின் கழுத்து இளைத்துப்போய் துரு பொடியாக உதிர்கிறது. ஓட்டையைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறது. கொஞ்சம் உள்ளே போனால் மரம் கெட்டியாகத்தான் இருக்கிறது. மண் பாதை எதுவும் இல்லை.

பெரம்பூர் மரவேலை:
அப்போ கரையான் இல்லை, துருதான். கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பு துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மரத்தையும் அரித்துவிடும். அந்தச் செத்த மரத்தின் மேல் எதை அடைத்தாலும் நிற்காது, எம்-சீல் பெயர்ந்து வந்ததும் அதனால்தான்.

கதவைக் கழற்ற வேண்டாம். தாழ்ப்பாள் பக்கம் அடியில் ஆப்பு வைத்து, கதவு நேராகும்வரை தூக்கி நிறுத்துங்கள். மேல் கீலின் நிலைப் பக்கத்தை மட்டும் விடுவியுங்கள். 10 எம்.எம். பிட்டால், கறுத்த மரம் முழுக்கப் போகும்வரை, 40 எம்.எம். ஆழமாவது துளையுங்கள். பழைய தேக்குத் துண்டில் உருளையாக முளை (ஓட்டையை அடைக்கும் மரக்குச்சி) சீவி, அரால்டைட் (இரண்டு பசைகளைக் கலந்து பூசும் எபாக்சி பசை) தடவி, தட்டினால் இறுக்கமாக இறங்கும் அளவில் அடியுங்கள். மழைக்கால ஈரத்தில் பெவிகால் காயத் தாமதமாகும், அரால்டைட் காற்றுப் படாமலே இறுகும். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள், இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

அப்புறம் முளையை உளியால் நிலைமட்டத்துக்குச் சீவி, கீலை வைத்து நடுவில் புள்ளி குத்தி, 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 எம்.எம். பிட்டால் துளை போடுங்கள். துளை போடாமல் முறுக்கினால் முளை பிளக்கும்.

ராயபுரம் தம்பி:
அண்ணே, அதே நீள ஸ்க்ரூ போதுமா?

பெரம்பூர் மரவேலை:
ஒரு அங்குலம் இருந்தால் ஒன்றரை அங்குலம் போடச் சொல்வேன். இரும்பு வேண்டவே வேண்டாம், 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேளுங்கள், பாரிமுனை செம்புதாஸ் தெரு ஹார்டுவேர் கடைகளில் பாருங்கள். எஸ்.எஸ். தலை சீக்கிரம் வழுக்கும், அதனால் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்து, கையாலேயே முறுக்குங்கள்.

காசிமேடு வாசி:
கீலும் துருதான் அண்ணா, மாற்றவா?

பெரம்பூர் மரவேலை:
தகடு மெலிந்திருந்தால் அதே அளவில் எஸ்.எஸ். கீல் வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூத் துளைகள் வேறு இடத்தில் வந்தாலும் கவலையில்லை, பழைய ஓட்டைகளை முளையால் அடைத்துவிட்டுப் புதிய இடத்தில் துளைக்கலாம். கீழ்க் கீல் ஸ்க்ரூவையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.