இரண்டு கிலோமீட்டருக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

உறையூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 57 வயது. போன வருடம்தான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தார், எனக்கு அதில் ரொம்பப் பெருமை. தினமும் காலையில் என் மகளை (5 வயது) தில்லை நகரில் இருக்கிற பள்ளியில் விட்டுவிட்டு, வரும் வழியில் காய்கறி வாங்கி முன்னால் இருக்கும் கொக்கியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். போக இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

ஹெல்மெட் மட்டும் வேண்டாம் என்கிறார். கொண்டை இருப்பதால் உள்ளே இறங்கவில்லை, கழுத்து வலிக்கிறது, பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்கவில்லை, முப்பதுக்கு மேல் நான் போவதே இல்லையே, எல்லாம் தெருவுக்குள்தானே. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. மகள் முன்னால் நின்றுகொண்டு கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.

போன வாரம் ஒரு திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கி அப்படியே சாய்ந்துவிட்டது. அம்மாவுக்கு உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு, மகளுக்கு ஹேண்டில் இடித்து உதடு கிழிந்தது. "விழுந்தும் ஒன்றும் ஆகலையே" என்கிறார் அம்மா. எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை. நான் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் பள்ளிக்கு வேறு ஏற்பாடு இல்லை. எந்த மாதிரி ஹெல்மெட் வாங்குவது, குழந்தைக்கு என்ன செய்வது, அப்புறம் ஹெல்மெட் தவிர புடவை கட்டும் ஒருவர் உண்மையிலேயே போட்டுக்கொள்ளக்கூடியது வேறு என்ன இருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர் எழுதியது:

தம்பி, டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன், ஹெல்மெட்டும் விற்கிறேன். கழுத்து வலிக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அளவு பெரிய ஹெல்மெட் போட்டிருப்பார்கள், அதை நான் கடையில் தினமும் பார்க்கிறேன். பெரிதாக இருந்தால் காற்றில் ஆடும், கண்ணுக்கு மேல் இறங்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் கழுத்து அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் அம்மா இதுவரை போட்டுப் பார்த்தது உங்களுடையதாகத்தான் இருக்கும். தையல் டேப்பை எடுத்துப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அந்த அளவுக்கு எம் (M) சைஸா, எல் (L) சைஸா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், அம்மாவையே கடைக்கு அழைத்துப் போங்கள். போட்டதும் இரண்டு கன்னமும் லேசாக அழுந்த வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அது வேண்டாம். பட்டையை மாட்டிவிட்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் விழும்போதும் அப்படித்தான் கழன்று பறக்கும்.

இன்னொன்று, பட்டை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவே, ஹெல்மெட்டைப் பட்டையால் தலையோடு இறுக்கி மாட்டியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் போதும். பலரும் சிக்னல் வரும்போது தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள், பட்டை காற்றில் ஆடுகிறது, பார்க்கவே வயிறு எரிகிறது.

பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரை, மேலே ஐ.எஸ். 4151, கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண், மூன்றும் இருக்க வேண்டும். முத்திரை ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம், அதனால் அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், எந்த கம்பெனியின் உரிமம் என்று காட்டும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். தொப்பி மாதிரி உச்சந்தலையை மட்டும் மூடுவதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மாகோல்தான் உயிரைக் காப்பாற்றுவது. அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால்தான் அந்த அடி மண்டைக்குப் போவதில்லை. ஒரு தடவை நசுங்கினால் திரும்ப எழும்பாது. அதனால் விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டுக்கு வெளியே கீறல் மட்டும்தானே என்று பெயின்ட் அடித்துப் போடக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

சேலம் டீச்சர் எழுதியது:

கொண்டைப் பிரச்சினைக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பத்து வருடம் அதையே சொல்லிக்கொண்டு ஹெல்மெட்டைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டி ஓட்டியவள் நான். உச்சியில் போடும் கொண்டைக்கு எந்த ஹெல்மெட்டும் சரிவராது. பிடரிக்குக் கீழே தளர்வாகப் பின்னல் போட்டு முதுகில் விட்டுவிட வேண்டும். பள்ளிக்குப் போய் இறங்கியதும் சுற்றிக் கொண்டை போட்டு ஊசி குத்த எனக்கு ஒரு நிமிடம்தான் ஆகிறது. பூவும் அப்படித்தான், டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்து எடுத்துப் போய் அங்கே வைத்துக்கொள்வேன். வியர்வைக்கு மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் ஒற்றை மடிப்பாகக் கட்டி அதன் மேல் ஹெல்மெட். துணியைத் தினம் துவைத்துவிடுவதால் நாற்றமும் இல்லை, முடியும் சிக்குப் பிடிப்பதில்லை. கடைக்குப் போகும்போது அந்தத் துணியைக் கட்டிக்கொண்டே அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

நான் விழுந்தது எங்கள் பள்ளி வாசலுக்கு ஐம்பது அடி முன்னால். நாய் குறுக்கே வந்தது, நான் நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். விழும்போது கை தானாக முன்னால் போகிறது, அதை யாராலும் தடுக்க முடியாது. ரப்பர் செருப்பு எங்கேயோ போய்விட்டது, கணுக்கால் வண்டிக்கு அடியில் மாட்டி இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தேன். தலை நடைபாதை ஓரக் கல்லில் மோதியது. அன்றைக்கு மட்டும், முதல் நாள் போலீஸ் பிடித்ததால், ஹெல்மெட் போட்டிருந்தேன். அதை எண்ணினால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

இப்போது மூடிய காலணியும் உள்ளங்கையில் தடித்த தோல் வைத்த கையுறையும் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. புடவை என்றால் முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகி, தோளிலும் இடுப்பிலும் ஒவ்வொரு ஊசி. சுடிதார் என்றால் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சு. துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றினால் அது கழுத்தைத்தான் இழுக்கும்.

இரவுப்பணி நர்ஸ் எழுதியது:

விபத்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முப்பதுக்கு மேல் போக மாட்டேன் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அந்த உயரத்திலிருந்து தலை தரைக்கு வரும் வேகம் அதுதான். வண்டி ஓடிய வேகம் அதற்கு மேல். எங்களிடம் தலையில் அடிபட்டு வருகிறவர்களின் வீட்டார் அழுதுகொண்டே முதலில் சொல்வது "பக்கத்துக் கடைக்குத்தான் போனாங்க" என்பதுதான். ஹெல்மெட் குறித்த 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2008இல் வந்தது: மோட்டார் சைக்கிள் விபத்துகளில் ஹெல்மெட் சாவை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. தாடை, பல், மூக்குக்கும் அடி விழும் என்பதால் முகம் முழுக்க மூடுவதுதான் என் விருப்பம். மூச்சு முட்டுகிறது என்றால் காற்றுத் துளை உள்ளதாகப் பாருங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் காதை மூடும் திறந்த முக ஹெல்மெட்டாவது.

அவசரமான விஷயம் ஒன்று. போன வாரம் அம்மா விழுந்தபோது தலை இடித்ததா என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி மெதுவாக இரத்தம் கசிந்து வாரக்கணக்கில் கழித்துக்கூட வெளியே தெரியும். விடாத தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், நடையில் தடுமாற்றம், இதில் எது வந்தாலும் உடனே அழைத்துப் போங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தலை இடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். உள்ளங்கைச் சிராய்ப்பு ஆறிய பிறகும் மணிக்கட்டில் வீக்கமோ வலியோ இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும், கையை ஊன்றி விழுந்தால் முதலில் முறிவது மணிக்கட்டுதான்.

குழந்தையை முன்னால் நிறுத்தவே கூடாது. பிரேக் போட்டதும் ஹேண்டிலில் மோதுவது அவள் முகம்தான், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பின்னால் உட்காரவைத்து, அவள் மேலுடலை அம்மாவோடு சேர்த்துக் கட்டும், தோள்பட்டை உள்ள பெல்ட்டைப் போடுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் மத்திய விதி கட்டாயமாக்கியிருக்கிறது, வண்டியும் 40ஐத் தாண்டக் கூடாது. நான்கைத் தாண்டினால் பெரியவர்களைப் போலவே 129ஆம் பிரிவு, ஹெல்மெட் கட்டாயம். உங்கள் மகளுக்குப் பெல்ட்டைச் சட்டம் கேட்கவில்லை என்றாலும் போடுங்கள், ஐந்து வயதுக் குழந்தை வண்டியிலேயே தூங்கி விழும். சின்னத் தலைக்கென்றே செய்த ஹெல்மெட் வாங்குங்கள், பெரியவர்களுடையதைத் துணி அடைத்துப் போடாதீர்கள்.

மடிப்பாக்கம் மணி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் கையுறை, ஷூ, அதற்கு மேல் ஜாக்கெட் என்று போனால் மே மாத வெயிலில் மயங்கி விழுந்துவிடுவார்கள். எனக்கே முடியவில்லை. நடைமுறைக்கு வருகிற மாதிரி பேசுவோமே.

ஸ்பேனர் எழுதியது:

மணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜாக்கெட்டை அம்மாவிடம் வற்புறுத்த வேண்டாம். நீங்கள் தினம் தொலைவு போகிறவர் என்றால் வலைத்துணி ஜாக்கெட் வாங்குங்கள், தோளிலும் முழங்கையிலும் மட்டும் தடுப்பு இருக்கும், ஓடும்போது காற்று உள்ளே வரும், நின்றால்தான் வேகும். அம்மாவுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டாலே வெயிலும் படாது, லேசான சிராய்ப்பிலிருந்தும் தப்பலாம். ஆனால் கையுறையையும் காலணியையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம் தம்பி, கொக்கியில் காய்கறிப் பை தொங்கினால் திருப்பத்தில் ஹேண்டிலில் இடிக்கும், காலும் சட்டென்று கீழே வராது. சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் சக்கரம் சின்னது, பத்துப் பன்னிரண்டு அங்குலம்தான், பைக் தாண்டிப் போகிற குழியில் இது இறங்கி நின்றுவிடும்.

உறையூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா சொன்னதைப் படித்ததும் அம்மாவிடம் கேட்டேன், தலை இடிக்கவில்லை என்கிறார். மணிக்கட்டில் வலி இருந்தது, என்னிடம் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தோம், முறிவு இல்லை. நேற்று மாலை மூவரும் கடைக்குப் போனோம். அம்மாவின் தலை அளவு 55 செ.மீ., இதுவரை என்னுடைய 60 செ.மீ. ஹெல்மெட்டைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையதுதான். டீச்சர் சொன்னபடி பின்னலைக் கீழே இறக்கிப் போட்டுப் பார்த்தார், முகம் மூடுவது வேண்டாம் என்று சொல்லி, காதை மூடும் திறந்த முக ஹெல்மெட்டுக்குச் சம்மதித்தார். மகள் தன் ஹெல்மெட்டை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. பெல்ட் ஆர்டர் செய்திருக்கிறேன், வரும் வரை ஆட்டோ. ஒரே ஒரு சந்தேகம், காய்கறிக் கடையில் இறங்கும்போது இரண்டு ஹெல்மெட்டையும் எங்கே வைப்பது? சீட்டுக்கு அடியில் ஒன்றுகூட நுழையவில்லை.

சேலம் டீச்சர் எழுதியது:

சீட்டைத் தூக்கினால் ஓரத்தில் சின்னக் கொக்கி இருக்கிறதா பாருங்கள், பல வண்டிகளில் இருக்கும். ஹெல்மெட் பட்டையின் வளையத்தை அதில் மாட்டி சீட்டைப் பூட்டினால் வெளியே தொங்கும், யாரும் எடுக்க முடியாது. குழந்தையுடையதை அம்மா கையிலேயே கொண்டுபோகட்டும், காய்கறியை அதில் போட்டுவிட மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஈரம் பட்டு உள் துணி கெட்டுவிடும்.