ஓதிமலையில் எதிர்ப்பட்டவர்கள்

அன்னூர்க்காரன்:
கூட்டமில்லாத மலை எது என்று கேட்டால் என் ஓட்டு ஓதிமலைக்குத்தான். கோவை மாவட்டத்தில், புளியம்பட்டிப் பக்கம் இரும்பறையில் இருக்கிறது. அடிவாரம் வரை வண்டி போகும், அப்புறம் படிதான், சுமார் 1,800. மருதமலை மாதிரி மேலே பஸ் எல்லாம் போகாது. பாதிக்கு மேல் படிகள் அப்படியே நிமிர்ந்துவிடும், முட்டியில் கை ஊன்றித்தான் ஏறணும். உச்சியில் ஐந்து முகமும் எட்டுக் கைகளுமாக முருகன். சன்னதி பொதுவாகத் திங்கள், வெள்ளியில் திறந்திருக்கும்.

நான் போனது ஐப்பசி மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை. வடமேற்கில் நீலகிரி மதில் எடுத்தாற்போல நின்றது. வடக்கே பவானிசாகர் அணைத் தண்ணீர், அதற்கும் பின்னால் சத்தியமங்கலம் மலை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாறை மேல் ஒரு பெரியவர், எண்பது தாண்டியிருக்கும். பல் இல்லை. சின்ன இரும்பு உரலில் வெற்றிலையை டொக்கு டொக்கென்று இடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தத் தண்ணி தெரியுதுங்களா? அதுக்கு அடியிலதானுங்க எங்கூரு" என்றார், அந்தக் குட்டி உலக்கையையே நீட்டி.

பவானியும் மாயாறும் கூடுகிற இடத்தில் டணாய்க்கன் கோட்டை என்று ஒன்று இருந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1948இல் அணை வேலை ஆரம்பித்து 1955இல் முடிந்தது. கோட்டையும் சுற்றுவட்டார ஊர்களும் தண்ணீருக்குள் போயின. இவருக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. வண்டியில் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம், மாடுகளின் பெயர்கூடச் சொன்னார்.

உள்ளே மூழ்கியதில் மாதவராயப் பெருமாள் கோயிலும் ஒன்று. ரொம்ப வறண்ட வருசத்தில் நீர்மட்டம் இறங்கினால் வெளியே தெரியும். "அணை 105 அடி ரொம்புனா கோபியில இருந்து காங்கயம் வரைக்கும் வாய்க்காத் தண்ணிக்குச் சந்தோசப்படுவாங்க. எங்க ஊட்ல மட்டும், வத்துனாத்தானுங்க சாமி கண்ல படும்." சொல்லிவிட்டு மறுபடி இடிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்.

அப்புறம், நான் எடுத்த படத்தில் இடது பக்கம் கூம்பாகத் தெரிவது தொட்டபெட்டாதானே?

சிறுமுகை அம்மிணி:
இல்லைங்கண்ணா, அது ரங்கசாமி மலையாகத்தான் இருக்கணும். கோத்தகிரிக்குக் கிழக்கே, இருளர்கள் கும்பிடுகிற மலை. தொட்டபெட்டா இன்னும் மேற்கே தள்ளிப் போய்விடும். 2,637 மீட்டர் என்றாலும் அது உள்ளடங்கி இருக்கிறது. கூம்பாக முன்னால் நிற்பதைப் பார்த்து நிறையப் பேர் அதையே பெரிய மலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு எதிர்ப்பட்டது ஒரு பாட்டி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறினார். கூட வந்த பேத்தி கையில் செல்போன், பத்துப் படி முன்னால் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். "எத்தனை படிங்க ஆத்தா ஆச்சு?" என்று கேட்டேன். "எண்ணுனா ஏற முடியாது கண்ணு, கொஞ்சம் ஒதுங்கிக்க" என்றார். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கியவர், நான் இறங்கும்போது முக்கால்வாசி தாண்டியிருந்தார்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் படி சுடும், செருப்பைக் கீழே விட்டுப் போகிறவர்கள் பாடு கஷ்டம். சிறுமுகைப் பக்கமாகத் திரும்புகிறவர்கள் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள், வாழைத் தோட்டத்துக்கு யானை வருகிற ஊர் எங்களுடையது.

சத்தி மாமா:
அந்தப் பெரியவர் ஊர்ப்பேர் சொன்னாரா? எங்க பெரியப்பா குடும்பமும் அணைக்கு நிலம் விட்டு வந்தவர்கள்தான். அடுத்த வெள்ளி நானும் வருகிறேன். முட்டி ஒத்துழைத்தால் உச்சி வரை, இல்லாவிட்டால் பாதிப் படியிலேயே உட்கார்ந்து விசாரிக்கிறேன்.