இடிபட்ட காரை எந்தப் பட்டறையில் விடுவது? காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கானாடுகாத்தான்வாசி:
போன ஞாயிறு இரவு பிள்ளையார்பட்டியிலிருந்து திரும்பும்போது குன்றக்குடி தாண்டி ஒரு டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் ஓரமாக நின்றிருந்தது. கடைசி நொடியில்தான் தெரிந்தது, வலது பக்கம் ஒடித்தும் இடது முன்பக்கம் மோதிவிட்டது. பின்னால் அம்மாவும் மகளும் இருந்தார்கள், யாருக்கும் அடி இல்லை. பம்பர், இடது ஃபென்டர், ஹெட்லைட் போய்விட்டது, பானெட் மடங்கிவிட்டது, கீழே பச்சைத் தண்ணீர் சொட்டியது. வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

நாலரை வருட வண்டி, 1200 சிசி, சில்வர் கலர். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஜீரோ டெப் (சாமான் விலையில் தேய்மானம் கழிக்காமல் கொடுக்கிற கூடுதல் பாலிசி) எடுக்கவில்லை. ஒரு பட்டறைக்காரர் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு 35,000 ரூபாய், 4 நாளில் தருகிறேன், கிளெய்ம் எதற்கு என்கிறார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 82,000, மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். மச்சான் மதுரைக்குக் கொண்டு போ என்கிறார். முன்பு வைத்திருந்த வண்டியில் ஒரு இடத்தில் வேலை பார்த்து, அடுத்த மழைக்கே கதவு ஓரத்தில் பெயின்ட் உப்பி, உள்ளே விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை) இருந்ததைப் பார்த்தவன் நான். இந்த முறை காசை விட அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்பதுதான் பெரிய கவலை. ஒரு பட்டறையை நம்பலாமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

பள்ளத்தூர் டிங்கர்:
தம்பி, முதலில் ஒன்று. வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், நகர்த்திப் பார்க்கக்கூட வேண்டாம். சொட்டியது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர், ரேடியேட்டர் போயிருக்கிறது. அந்த நிலையில் ஓட்டினால் இன்ஜின் ஹெட் வரைக்கும் செலவு இழுத்துவிடும்.

22 வருடம் டிங்கரிங் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், போட்டோவைப் பார்த்து விலை சொல்கிறவரிடம் முன்பக்க இடிக்கு விடாதீர்கள். உங்கள் வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடம்பேதான் சேசிஸ். ஃபென்டர் போல்ட் போட்டு மாட்டுகிற சாமான், அதை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. அதற்குப் பின்னால் இருக்கிற ஏப்ரனும் (சக்கரத்துக்கு மேல் உள்ள உள் தகடு) சைடு மெம்பரும் (முன்பக்கத்தைத் தாங்குகிற நீளச் சட்டம்) வளைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி, அது பம்பரைக் கழற்றாமல் யாருக்கும் தெரியாது. வளைந்ததை கேஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கித் தட்டினால் தகடு பலம் போய்விடும், அடுத்த முறை இடிபட்டால் அது தாங்க வேண்டிய விதத்தில் தாங்காது. அலைன்மென்ட் பெஞ்சில் (வண்டியைப் பூட்டி, அளந்து, வளைவை நேராக்குகிற மேடை) ஏற்றி இழுக்கிற வசதி அவர்களிடம் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று நேராகக் கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறவரை விட்டுவிடுங்கள்.

அப்புறம் பெயின்ட். 4 நாள் என்றாரே, அதில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். பட்டி, பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் தனித்தனியாகக் காய வேண்டும். சில்வர் கலர் இருப்பதிலேயே கஷ்டம், ஃபென்டருக்கு மட்டும் அடித்தால் கதவோடு சேராது, கதவு மேல் கொஞ்சம் ஏற்றிக் கலக்க வேண்டும். வேப்பமரத்தடியில் அடிப்பவரிடம் தூசி ஒட்டாமல் எதிர்பார்க்க முடியாது, பூத் (தூசி வராமல் மூடிய பெயின்ட் அறை) இருக்கிறதா பாருங்கள். அவர் முன்பு முடித்த வண்டி ஏதாவது நின்றால் காலை வெயிலில் பாருங்கள், டியூப்லைட்டில் எல்லாம் ஒரே கலராகத்தான் தெரியும். ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள், தகட்டில் இழுக்காமல் வழுக்கினால் அங்கே பட்டி கனம். பம்பர் பிளாஸ்டிக், அதில் இந்தச் சோதனை செல்லாது.

தேவகோட்டை பாலிசிக்காரன்:
கிளெய்ம் கணக்கை மட்டும் சொல்கிறேன். 4 வருடம் தாண்டி 5-க்குள் இருக்கிற வண்டிக்கு இரும்புச் சாமானில் 35% தேய்மானம், பிளாஸ்டிக், ரப்பருக்கு 50%, கண்ணாடிக்குக் கழிப்பு இல்லை. லேபரில் கழிக்க மாட்டார்கள், பெயின்ட் பில்லில் மொத்தத்தில் 12.5% வரை போகும். 1500 சிசிக்குள் என்பதால் உங்கள் கையிலிருந்து 1,000 ரூபாய் கட்டாயம். எதிர்ப்பக்கம் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி) இருக்கிறது, இதுவரை கிளெய்மே போடவில்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் 50% கிடைக்க வேண்டியது இல்லாமல் போகும், ஆனால் அது ஓன் டேமேஜ் (நம் வண்டி சேதத்துக்கான பகுதி) பிரீமியத்துக்கு மட்டும்தான். இரண்டையும் எழுதிப் பாருங்கள், 82,000 பில்லுக்கு கிளெய்ம் போடுவதுதான் லாபமாக வரும் என்று நினைக்கிறேன்.

சர்வேயர் (இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுகிறவர்) பார்க்கும் முன் யாரையும் ஒரு போல்ட்கூடக் கழற்ற விடாதீர்கள். பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே புதிதாக ஏதாவது தெரிந்தால் இரண்டாவது எஸ்டிமேட் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம், அது வழக்கம்தான். கேஷ்லெஸ் (பட்டறைக்கு இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) வேண்டுமென்றால் கம்பெனி பட்டியலில் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். மற்ற பட்டறையில் விட்டால் நீங்கள் கட்டிவிட்டு ஜிஎஸ்டி பில்லோடு பிறகு வாங்க வேண்டும். பில் தர யோசிக்கிற பட்டறைக்கு அதனாலேயே வேண்டாம் சொல்லிவிடலாம்.

கோட்டையூர் அக்கா:
வேலை நடக்கும்போது சொல்லாமல் இரண்டு முறை போய் நில்லுங்கள், பிரைமர் அடிக்கும் முன் ஒரு முறை கட்டாயம். எங்கள் வண்டிக்கு அப்படிப் போனபோதுதான், புது ஹெட்லைட் என்று எழுதியிருந்தவர்கள் பழையதில் போல்ட் மாட்டுகிற காது உடைந்த இடத்தை ஒட்டி மாட்டியிருந்தது தெரிந்தது. புதுச் சாமானின் அட்டைப்பெட்டியையும் எம்ஆர்பி ஸ்டிக்கரையும் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானையும் பார்த்துவிடுங்கள், கிளெய்மில் அது இன்சூரன்ஸ் கணக்கில் போனாலும் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்ல முடியாது.

கானாடுகாத்தான்வாசி:
எல்லோருக்கும் நன்றி. டிங்கர் அண்ணே சொன்ன பெஞ்ச் கேள்வியை இன்று மூன்று இடத்தில் கேட்டேன். 35,000 சொன்னவர் "அதெல்லாம் கண்ணாலேயே தெரியும்" என்றார். காரைக்குடியிலேயே இன்னொருவர், தன்னிடம் பெஞ்ச் இல்லை, உள்ளே வளைந்திருந்தால் திருச்சிக்கு ஏற்றி அனுப்பித்தான் இழுப்பேன், நீங்களும் கூட வரலாம் என்றார், 10 நாள் கேட்டார், பில் தருவேன் என்றும் சொன்னார். அவரிடம்தான் விடப்போகிறேன். கிளெய்ம் பதிந்தாயிற்று, சர்வேயர் நாளை காலை வருகிறார். பம்பரைக் கழற்றும்போது நானும் நிற்பேன். ஏப்ரன் பக்கம் போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன் அண்ணே, பார்த்துச் சொல்லுங்கள்.