ஜான் ஹாம்டன் கப்பல் வரி வழக்கு: 20 ஷில்லிங்கா, 31 ஷில்லிங் 6 பென்ஸா?

கேள்வி: இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் கடற்படைச் செலவுக்கென்று போட்ட கப்பல் வரியில், பக்கிங்ஹாம்ஷயர் நிலக்கிழார் ஹாம்டன் கட்ட மறுத்த தொகையை ஒருவர் ஒரு பவுன் என்கிறார், இன்னொருவர் 31 ஷில்லிங் 6 பென்ஸ் என்கிறார். எது சரி?

பதில் 1: இரண்டும் சரிதான். அவருக்குப் பல ஊர்களில் நிலம். வரியோ ஊர்வாரியாகப் போடப்பட்டது. கிரேட் கிம்பிள் பட்டியலில் அவர் பங்கு 31 ஷில்லிங் 6 பென்ஸ். வழக்கு நடந்தது ஸ்டோக் மாண்டவில் நிலத்துக்கான 20 ஷில்லிங்குக்கு, அதாவது ஒரு பவுனுக்கு. இரண்டையும் கலப்பதால்தான் குழப்பம்.

பதில் 2: தொகையை வைத்து வழக்கை எடை போடாதீர்கள். 1634 வரி ஆணை கடலோரத்துக்கு மட்டும்; 1635இல் உள்நாட்டுக்கும் நீட்டினார்கள். கடலே இல்லாத பக்கிங்ஹாம்ஷயருக்கு 4,500 பவுன்! நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் வரி போட மன்னருக்கு உரிமை உண்டா என்பதே வழக்கின் உயிர்.

கேள்வி: அப்படியானால் ஜெயித்தாரா?

பதில் 1: இல்லை. 1638இல் 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் இவர் பக்கம். ஆனால் அத்தனை நெருக்கமான தீர்ப்பு மன்னருக்குத்தான் அடி. அதன்பின் வசூல் சரிந்தது. 1641இல் நாடாளுமன்றம் அந்த வரியே சட்டவிரோதம் என்றது. ஹாம்டன் 1643 ஜூனில், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் சால்குரோவ் சண்டையில் காயம்பட்டு, ஆறு நாளில் தேம் ஊரில் இறந்தார்.