ஸ்கூட்டர் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே அளக்க முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மின்சார ஸ்கூட்டரில் மதுரைக்குள் அலுவலகம் போய்வருகிறேன். என்எம்சி எனப்படும் லித்தியம் அயன் வகைப் பேட்டரி, கொள்ளளவு 3 யூனிட் (கிலோவாட் மணி). புதிதில் முழு சார்ஜில் 95 கிலோமீட்டர் வரை ஓடிய வண்டி இப்போது 80-ஐத் தாண்டுவதில்லை. சர்வீஸ் சென்டரில் கணினியை இணைத்துப் பார்த்துவிட்டு "பேட்டரி நன்றாகவே இருக்கிறது" என்கிறார்களே தவிர, எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்வதில்லை. செயலியிலும் அந்த விவரம் இல்லை. இன்னொன்றும் கவலை தருகிறது: திரையில் 25 சதவீதம் இருக்கும்போது பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறினால் எண் மளமளவென்று 17 வரை இறங்கி, மேலே சமதளம் வந்ததும் மறுபடி 20-ஐத் தொடுகிறது. தேய்மானத்தை நாமே அவ்வப்போது அளந்து குறித்துவர நம்பகமான வழி உண்டா?

மின்கணக்கு எழுதியது:

ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை மட்டும் வைத்துப் பேட்டரியை எடைபோட வேண்டாம். டயரில் காற்று குறைந்தாலும், பிரேக் லேசாக உரசினாலும், எதிர்க்காற்று அடித்தாலும் கிலோமீட்டர் குறையும். பழி மட்டும் பேட்டரியின் தலையில் விழும். சுவர்ப் பிளக்கிற்கும் சார்ஜருக்கும் இடையே சொருகும் சிறிய மின் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை 20 சதவீதம் வரை ஓட்டி, பேட்டரி சூடு ஆறும்வரை ஓரிரு மணிநேரம் நிறுத்திவைத்து, மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு 100 வரை சார்ஜ் செய்யுங்கள். திரையில் 100 வந்தவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடக் கூடாது. கடைசிக் கட்டத்தில் சார்ஜர் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வரும். மீட்டரில் 700 வாட்டுக்கு மேல் நின்ற எண் நூறுக்கும் கீழே வந்து, சார்ஜர் தானாகவே நின்ற பிறகுதான் யூனிட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3 யூனிட் பேட்டரியில் 80 சதவீதம் என்பது 2.4 யூனிட். சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், புதிய வண்டி சுவரிலிருந்து ஏறக்குறைய 2.7 யூனிட் இழுக்கும். இன்று அதே வேலைக்கு 2.4 யூனிட்தான் ஏறுகிறது என்றால், 2.4-ஐ 2.7-ஆல் வகுக்க, 89 சதவீதம் மிச்சம் என்று கொள்ளலாம். புதிதில் நீங்கள் அளக்கவில்லை என்பதால் முதல் எண் தோராயமாகவே இருக்கும். ஆனால் இன்று முதல் அதே சார்ஜரில் அளந்துவந்தால், வீணாகும் பங்கு எல்லா அளவீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஆகவே பின்வரும் எண்களை ஒன்றோடொன்று தயங்காமல் ஒப்பிடலாம். மாதாமாதம் அளக்கத் தேவையில்லை. தேய்மானம் அத்தனை விரைவாக நடப்பதன்று. சித்திரையில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் அளந்து, சித்திரையைச் சித்திரையோடு ஒப்பிட்டால் வெயிலின் குறுக்கீடும் விலகிவிடும்.

செல்பார்வை எழுதியது:

மேலே உள்ள முறை சரிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. திரையில் தெரியும் 20 சதவீதம் அளந்த எண் அன்று, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று) கணித்துச் சொல்லும் எண். உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்து அது கணக்கு வைக்கிறது. முழு சார்ஜே செய்யாமல் மாதக்கணக்கில் 40-க்கும் 80-க்கும் இடையிலேயே ஓட்டுபவர்களின் வண்டியில் இந்தக் கணக்குப் பிழை சேர்ந்துகொண்டே போகும். எனவே அளப்பதற்கு முன் ஓரிரு முறை 100 வரை சார்ஜ் செய்து, சார்ஜர் நின்ற பிறகும் சிறிது நேரம் பிளக்கிலேயே விட்டுவையுங்கள். பெரும்பாலான பேட்டரிகளில், உள்ளே இருக்கும் சிறு சிறு செல்களைச் சமப்படுத்தும் வேலை அந்த உச்சியில்தான் நடக்கிறது: முந்திக்கொண்டு நிறைந்த செல்லின் மின்சாரத்தைச் சிறிய மின்தடை வழியே கசியவிட்டு, பின்தங்கியவை நிரம்பும்வரை பிஎம்எஸ் காத்திருக்கும்.

நீங்கள் சொன்ன மேம்பாலச் சங்கதியைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். செல்லுக்குள் இருக்கும் மின்தடை வயதோடு ஏறும். மேட்டில் மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்கும்போது அந்தத் தடையின் காரணமாக வோல்டேஜ் சரிகிறது, பாரம் குறைந்ததும் மீள்கிறது. பிஎம்எஸ் வோல்டேஜையும் பார்த்துக் கணிப்பதால், எண் இறங்கி ஏறுவது அதனால்தான் இருக்க வேண்டும். தொடரில் ஒரே ஒரு வரிசைச் செல்கள் நலிந்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும். வோல்டேஜ் காட்டும் வசதி உங்கள் செயலியில் இருந்தால், சமதளத்தில் ஒரு எண்ணையும் அதே மேட்டில் ஒரு எண்ணையும் குறித்துவையுங்கள். அந்த இடைவெளி ஆண்டுக்காண்டு விரிகிறதா என்பது, எத்தனை யூனிட் ஏறுகிறது என்பதற்கு இணையான தகவல்.

ஓசூர்ப்பாதை எழுதியது:

இதைப் படிக்கும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வகையில் 30 சதவீதத்திலிருந்து 80 வரை ஒரு செல்லின் வோல்டேஜ் பத்தில் ஒரு வோல்ட்கூட மாறுவதில்லை. அதனால் நடுவில் காட்டும் சதவீதத்தை அவ்வளவாக நம்ப முடியாது. முழு சார்ஜ் ஒன்றுதான் பிடிமானம்.

வாரண்டியைப் பொறுத்தவரை, உங்கள் ஒப்பந்தத்தில் கொள்ளளவு எவ்வளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உதாரணமாக, மின்சார ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர் அறிவித்த எட்டு ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் திட்டத்தில் 70 சதவீதம் என்று எல்லையை வெளிப்படையாகவே குறித்திருக்கிறார்கள். பழுதானால் மட்டும் மாற்றுவோம் என்று மொட்டையாக எழுதிய வாரண்டியில் தேய்மானத்தைக் காட்டி வாதாடுவது கடினம். எதுவானாலும், சர்வீஸ் சென்டர் வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டுவிடாமல், ஜாப் கார்டில் (சர்வீஸ் விவரம் எழுதும் தாளில்) எண்ணை எழுதித் தரும்படி கேளுங்கள். அதற்கும் மறுத்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மிக்க நன்றி. என் வாரண்டியில் கொள்ளளவு பற்றி ஒரு வரியும் இல்லை; ஆகவே மின்னஞ்சலை இன்றே அனுப்பிவிடுகிறேன். ஓர் ஐயம்: 20 சதவீதம் வரை இறக்கினால் பேட்டரிக்குக் கேடில்லையா? பூஜ்யம் வரை ஓட்டி அளந்தால் இன்னும் துல்லியமாக இருக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

செல்பார்வை எழுதியது:

20 வரை இறக்குவதால் ஒன்றும் ஆகாது. பூஜ்யம் வரை போக வேண்டாம். நலிந்த செல் வரிசை இருந்தால் அதுதான் முதலில் அடிமட்டத்தைத் தொட்டு மேலும் பாழாகும். பிஎம்எஸ் இணைப்பைத் துண்டித்தால் வண்டி நடுச்சாலையிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அதே 20-இல் தொடங்கினால் போதும்.